சட்டியின் அடி

ராத்திரி மூன்றாவது முறை எழுந்து நிற்கிறேன்.
ஒரு சொட்டு. அப்புறம் ஒன்றுமில்லை.
அப்புறம் இன்னொரு சொட்டு.
செக்காலை ரோட்டில் லாரி போய்
நாய்கள் குரைத்து ஓயும்வரை
சுவரைப் பிடித்தபடி காத்திருக்கிறேன்,
இலை போட்டும் சோறு வந்து சேராத
கடைசிப் பந்திக்காரனைப் போல.
"இன்னுமா?" என்கிறாள் பொன்னழகு இருட்டிலிருந்து.

மதுரை டாக்டர் கேட்டது வேறு கேள்விகள்.
வாரத்தில் எத்தனை நாள் கறி?
ஏழு.
வேகவைத்ததா, வறுத்ததா, சுட்டதா?
முப்பத்தொரு வருஷமாகக் காரைக்குடியில்
சுக்கா போடுகிறவனுக்குச் சிரிப்பு வந்தது.
சொன்னேன், அவர் எழுதிக்கொள்ளவில்லை:
இரும்புச் சட்டி, செக்கு நல்லெண்ணெய்,
கல்பாசி பொரிந்து வாசம் மாறும் நொடி,
குண்டு மிளகாய் கறுப்பதற்கு
ஒரு மூச்சு முன்னால் கறி.
பிறகு தீயைக் குறைக்காமல், தண்ணீர் காட்டாமல்,
எலும்போரம் கருகி
கரண்டி சுரண்டும் சத்தம் தடிக்கும் வரை.

"சுரண்டினதை என்ன செய்வீர்கள்?" என்றார்.
அந்த ஒரு கேள்வியில்தான்
அவரைக் கெட்டிக்காரர் என்று நம்பினேன்.

மூன்றரை மணிக்குக் கூட்டம் ஓய்ந்ததும்
சட்டி என்னுடையது.
சுடுசோறு நாலு கரண்டி,
அடியில் பிடித்த கறுப்போடு புரட்டி உருட்டினால்
முதல் உருண்டை எனக்கு.
அடுத்தது காசிமுக்கு, இலை எடுக்கும் தெய்வானைக்கு.
சம்பளம் பாக்கியென்றால் பொறுப்பார்கள்.
சட்டிச் சோறு இல்லாத நாளை
அவர்கள் பார்த்ததில்லை.

காகிதத்தில் பதினாலு புள்ளி இரண்டு.
நாலுக்குள் இருக்கணுமாம்.
தொடைக்கறியை நான் விரலால் அழுத்தித்தான் வாங்குவேன்.
அவரும் விரலால்தான் பார்த்தார்.
பிறகு ஊசியால் பன்னிரண்டு இடத்தில் எடுத்தார்கள்,
பன்னிரண்டும் சேர்ந்து
ஒரு சிட்டிகை வராது.

"கருகின கறியாலா?"
"அப்படிச் சொல்ல மாட்டேன்.
இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.
வயசு இருக்கு, வம்சம் இருக்கு.
ஆராய்ச்சிக்காரர்களே ஒத்துப்போகவில்லை.
அப்பாவுக்கு இருந்ததா?"

அப்பாவுக்குச் சூடு இருந்தது.
ஒன்றுக்குப் போகையில் சிவப்பாய் வந்தது சூடு.
இடுப்பெலும்பு நொந்தது, அதுவும் சூடு.
தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தோம்,
வெந்தயம் ஊறப்போட்டோம், இளநீர் வெட்டினோம்.
சூடு பிடித்துப் போய்விட்டார் என்று
கோட்டையூரே சொன்னது.
வேறு பெயர் உண்டா என்று
ஒருத்தரும் கேட்கவில்லை.

எனக்கும் பெயர் வாயில் வரவில்லை.
மைத்துனனிடம் நீர்க்கடுப்பு என்றேன்,
வட்டிக்காரரிடம் சுகர்.
பொன்னழகிடம் மட்டும் காகிதத்தையே கொடுத்தேன்.
எழுத்துக்கூட்டிப் படித்து, நாலாய் மடித்து
மிளகு டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.
மறுநாள் வீட்டுக் கறி
மூடிபோட்டு, சிறுதீயில், தண்ணீரில்
வெளுத்து மிதந்தது.
"எப்படி இருக்கு?"
"ஆஸ்பத்திரி மாதிரி."
சிரித்துவிட்டாள். பிறகு
சோறு போதுமென்று எழுந்துபோனாள்.

இன்று கடையிலும் தீயைக் குறைத்தேன்.
நாலாம் மேசைத் தட்டு திரும்பி வந்தது:
"மாஸ்டர் லீவா?"
கூட்டினேன். காசு கொடுக்கிறார், முறுகல் கேட்கிறார்.
ஐம்பத்தைந்து இருக்கும் அவருக்கு.
அவர் ராத்திரியில் எத்தனை தடவை எழுகிறார் என்று
எப்படிக் கேட்பது?

மூன்றரை.
காசிம் சோற்றுத் தட்டோடு நிற்கிறான்.
ஒரு செம்பு தண்ணீரை
அப்படியே சட்டியில் ஊற்றினேன்.

அது போட்ட கூச்சலுக்கு
தெய்வானை கையில் இலையோடு ஓடி வந்தாள்.
ஆவி விலக
மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.
கறுப்பு, பொருக்குப் பொருக்காய்
கழன்று மேலே வந்துகொண்டிருந்தது.

"ஏண்ணே?" என்றான் காசிம்.

"சூடு" என்றேன்.