ஐநூற்று மூன்று

கோடையில் எனக்கு நாள்கணக்கு கிடையாது.
இரண்டு மாதத்துக்கு ஐநூறு யூனிட்,
அவ்வளவுதான் காலம்.
ஐநூற்றொன்று ஆனால்
முன்னே எரித்ததற்கும் சேர்த்து விலை ஏறுமென்று
காலண்டர் தாளின் பின்னால்
பென்சிலால் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

டில்லிபாபு ஹார்பரில் ட்ரெய்லர் ஓட்டுகிறான்.
இரவெல்லாம் கன்டெய்னர் வரிசையில் நின்றுவிட்டு
காலை ஏழுக்கு வருவான்.
வெயில் எழுந்திருக்கும்போது அவன் படுக்க வேண்டும்,
தண்டையார்பேட்டையில், மூன்றாவது மாடியில்,
தலைக்குமேல் மொட்டை மாடி மட்டுமே உள்ள வீட்டில்,
மே மாதத்தில்.

தவணைக்கு எடுத்த பழைய ஏ.சி.
குளிர் தரும் முன்னால் ஒருமுறை இருமும்.
இருபத்தேழுக்குக் கீழே கிடையாது.
ஃபேன் இரண்டில்.
கதவின் அடியில் சுருட்டிச் செருகிய துண்டு.
சோறும் குழம்பும் ஏழுக்குள் முடிந்துவிடும்,
அடுப்புச் சூட்டுக்கும் சேர்த்து
நான் ஏன் காசு கட்ட?

மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்க
வீட்டுக்கு இருநூறு கேட்டுக்
கீழ்வீடுகளில் நின்றேன்.
"மழை ஒழுகினா உங்க பாடு,
வெயில் ஒழுகினா மட்டும் எங்க பாடா?"
நியாயம்தான்.
கீழே ஷோபிகா துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்ட
மேலே தரையில் காது வைத்து
எங்கள் அறையின் எல்லையைக் கண்டுபிடித்தேன்.
பத்துக்குப் பன்னிரண்டு.
சுண்ணாம்பில் பசை கலந்து மூன்று பூச்சு.
பொது மாடியில் யாரோ
வெள்ளைப் பாய் விரித்து
எழுந்துபோன மாதிரி இருந்தது.

நாலாம் நாள் பக்கத்து வீட்டு தேசம்மா சண்டைக்கு வந்தாள்.
"இன்னாமே, உன் வெள்ளையில
நெத்திலி காய மாட்டேங்குது."
சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டேன்.
அவளுக்குக் காயாத கருவாடுதான்
எனக்குக் கிடைத்த முதல் ரசீது.

மேற்கு ஜன்னலுக்குக் காசிமேட்டிலிருந்து
உடைந்த மீன்பெட்டிகளின் தெர்மாகோல் மூடிகள்.
எத்தனை கழுவியும் வாடை போகவில்லை.
தூக்கத்தில் வஞ்சிரம் கேட்கிறான்.

ஞாயிறுதோறும் ஃபில்டரைக் கழுவினால்
வாளித் தண்ணீர் கறுத்துப்போகும்.
ஹார்பர் கரியோ, எண்ணூர்ச் சாம்பலோ.
கரன்ட் எரிந்த இடத்திலிருந்து
அதன் மிச்சம் மட்டும் வீடுதேடி வருகிறது.
அதற்கு மீட்டர் வைக்கவில்லை யாரும்.

ஹாலில் நான் நைட்டி தைப்பேன்,
பீஸுக்குப் பதினொரு ரூபாய்.
முதுகில் ஈரத் துண்டு.
கண் தையலில் பாதி,
தேசம்மாவின் கொடியில் பாதி.
கொடியில் புடவை மேற்கே திரும்பினால்
கடல் காற்று வந்துவிட்டதென்று அர்த்தம்.
சத்தமில்லாமல் உள்ளே போய்
ஏ.சி.யை அணைத்துக்
கிழக்கு ஜன்னலைத் திறப்பேன்.
லாரி ஹாரன் மொத்தமும் உள்ளே வரும்.
அதில் நன்றாகத் தூங்குவான்.
பெட்டி நின்ற அமைதியில்தான்
ஒருமுறை புரள்வான்.

ரீடிங் எடுக்க இரண்டு நாள் தாமதமாக வந்தார்கள்.
ஐநூற்று மூன்று.

அந்த மூன்றைத் தேடினேன்.
ஃபிரிட்ஜைத் திட்டினேன், அயர்ன் பாக்ஸைத் திட்டினேன்,
வராத அந்த இரண்டு நாளைத் திட்டினேன்.
பிறகு ஒரு வியாழக்கிழமை ஞாபகம் வந்தது.
மெஷினில் ஊசி உடைந்ததைச் சாக்காக வைத்து
உள்ளே போய் வெறுந்தரையில் படுத்தேன்.
ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
புடவை மேற்கே திரும்பியது.
பார்த்தேன்.
பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

பில்லைக் காட்டிச் சொல்லிவிட்டேன்,
மூன்றும் என் கணக்கு என்று.
சட்டைப் பொத்தானைப் போட்டபடி
டில்லிபாபு சொன்னான்:
"அன்னிக்கு நீ குறட்டை விட்டுனு இருந்தே.
நான்தான் எழுந்து
இருபத்தஞ்சுல வெச்சேன்."