மூடி வைத்த பத்து நிமிஷம்

ஐந்தரைக்குப் போன்.
"லூர்தக்காங்களா? எலக்கியம்பட்டி.
பாத்ரூம் வழியா வந்திருச்சி."
எது வந்தது என்று யாரும் சொல்வதில்லை.
நானும் கேட்பதில்லை.
எத்தனை மணிக்கு, எந்த அறை வரைக்கும்,
மெயினை இறக்கியாச்சா,
இவ்வளவுதான் கேட்பேன்.

ராத்திரி வத்தல்மலைப் பக்கம் மின்னி
ஒரு மணி நேரம் கொட்டிய மழை
தெருவில் வடிந்துவிட்டது.
வீட்டுக்குள் மட்டும்
கணுக்கால் அளவு நிற்கிறது.

வேடியப்பன் சார் கேட்டுக்கு வெளியே
லுங்கியைத் தூக்கிப் பிடித்தபடி
தன் வீட்டுக்குள் போகட்டுமா என்று
என்னிடம் கேட்கிறார்.
வேண்டாம் என்கிறேன்.
கிரகப்பிரவேசத்திலிருந்து இன்றுவரை
அவரிடம் யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"ஒரு ஆள எறக்குனா சட்டுனு முடிஞ்சிருமே?"
தெருவிலிருக்கும் இரும்பு மூடியைக் காட்டுகிறார்.
மாதேஷ் என்னைப் பார்க்கிறான்.
"எங்ககிட்ட மிஷின் இருக்குங்க.
எறங்க ஆள் இல்லீங்க."
ஒவ்வொரு தெருவிலும் சொல்கிறேன்,
குரலை ஏற்றாமலும் இறக்காமலும்.

எட்டாவது மீட்டரில் அடைப்பு.
மூன்று டயப்பர், தேங்காய் நார்,
ஒரு பள்ளிக்கூட டை.
அதன் எலாஸ்டிக் இன்னும் நன்றாக இருந்தது.
பிறகு வீடு தொண்டையைச் செருமி
எல்லாவற்றையும் விழுங்கியது.

எங்கள் வேலை அதற்கப்புறம்தான்.
நனைந்த உயரத்துக்கு ஒரு சாண் மேலே
சாக்பீஸால் சுவரெல்லாம் கோடு இழுத்தேன்.
கோட்டுக்குக் கீழே உள்ளது என் பொறுப்பு.
மெத்தை போகணும்.
ராகி மூட்டை போகணும், பாதி காய்ந்திருந்தாலும்.
எவர்சில்வர் தப்பிக்கும்.
கல்யாண ஆல்பத்தைக் கேட்பார்கள் என்று நினைத்தேன்.
கனகவல்லியக்கா கேட்டது
தையல் மிஷினுக்கடியில் ஊறிக்கிடந்த
ஜாக்கெட் அளவு நோட்டை.
நான் பக்கம் பிரிக்க, அவர் செல்லில் படம் எடுக்க,
தெருப் பெண்கள் ஒவ்வொருவராகக் கரையேறினார்கள்:
பரிமளா, கழுத்து இறக்கம் ஆறரை.
டீச்சர், கை பத்து, கொஞ்சம் லூசாக.

பூஜை அறை வாசலில்
அதே அக்கா கை நீட்டித் தடுத்தார்.
நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
நிலையைப் பிடித்துக்கொண்டார்.
நான் நின்றேன்.
சாக்கடை யாரையும் கேட்காமல் உள்ளே போய்
குத்துவிளக்கின் அடியைத் தொட்டுக்கொண்டு நின்றது.
"பூட்ஸோட வேண்டாம்மா."
"பூட்ஸ் இல்லாம முடியாதுங்க."
கை நிலையை விட்டது.

முதல் கழுவல் சோப்பு.
இரண்டாவது பிளீச்சிங், அரை மணி ஊறணும்.
மூன்றாவதற்கு ஒகேனக்கல் தண்ணி கேட்டேன்.
"குடிக்கிற தண்ணியையா?"
போர்த் தண்ணி வெள்ளையாய்ப் படியும் என்றேன்.
எட்டு நாள் சேமிப்பை
குடம் குடமாக எண்ணிக் கொடுத்தார் சார்.
பதினோராவது குடத்தில் எண்ணுவதை விட்டுவிட்டார்.

காய்ந்ததும் கடைசிச் சோதனை.
கதவு, ஜன்னல், எல்லாம் அடைத்து
நான் மட்டும் உள்ளே, பத்து நிமிஷம்.
மாஸ்க்கைக் கழற்றிவிட்டு
நடுக்கூடத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்வேன்.
இதற்கு மட்டும் மிஷின் கிடையாது.
மெயினைப் போட்டிருந்தார்கள்;
பிரிட்ஜ் ஒருமுறை உதறிக்கொண்டு ஓடத் தொடங்கியது.
மூச்சை இழுத்தேன்.
பிளீச்சிங்.
ஈரச் சுண்ணாம்பு.
அதற்கடியில், மெல்ல, சீயக்காய்.
அது அவர்களுடையது. கதவைத் திறந்தேன்.

பத்து நாள் கழித்து மறுபடி போன்.
"பூஜை ரூம்ல இன்னும் வாடை அடிக்குதும்மா."
போனேன். அடைத்தேன். உட்கார்ந்தேன்.
கற்பூரம், பழைய பூ, விளக்கெண்ணெய்.
வெளியே வந்து,
"ரூம்ல இல்லீங்க" என்றேன்.
வேறெங்கே என்று சார் கேட்கவில்லை.
அக்கா என் பூட்ஸைப் பார்த்தார்.

வந்துபோன செலவுக்கு
இருநூறு வாங்கிக்கொண்டேன்.