குதிரை என்னாச்சு

கொரடாச்சேரிக்குத் தெற்கே
கொள்முதல் நிலையத்துக் கொட்டகை.
இரண்டு வேட்டியை ஒட்டித் தைத்துக் கட்டிப்
படம் போட்டோம், சங்கத்திலிருந்து.
எந்த நாட்டுப் படம் என்றார்கள்.
குளிர்கிற நாடு என்றேன்.
உட்கார நெல்மூட்டை.
கீழே எழுத்து ஓட ஓட
நான் தமிழில் சொல்லவேண்டும்.

ஒருத்தி. அவள் மகள். மகளின் மகள்.
ஒரே கிழங்குக் கொல்லை,
ஒரே கிழட்டுக் குதிரை.
புருஷன் என்று யாரும் வீட்டுக்குள் வரக்காணோம்.
வேலியில் நின்று ஒருவன் ஏதோ சொல்கிறான்.
பாதியை விழுங்கிவிட்டேன்.
“அவன் அம்மாம் நேரம் வாயசைச்சான்,
நீ ரெண்டே வார்த்தை சொல்றே”
என்றாள் தையல்நாயகி.
முழுசும் சொன்னேன்.
கொட்டகை கொஞ்சம் பேசாமல் இருந்தது.
பிறகு இந்திராணிதான் சிரித்தாள்:
“அங்கயும் அதே வசவா?
புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கலையா?”

மூன்றாமவள் வளர்ந்து
ஓர் அலுவலகத்தில் நிற்கிறாள்.
மீசைக்காரன் தாளை நீட்டுகிறான்.
தகப்பன் பெயர்.
பேனாவை மையில் தொட்டாள்.
கரண்ட் போனது.

இருட்டில் நெல்லின் ஈரம் மணத்தது.
“எழுதியிருக்க மாட்டா.”
“எழுதாம?”
“அம்மா பேரைப் போட்டிருப்பா.”
“விட்டுருவானா அவன்?”
பத்தரை வரை கரண்ட் வரவில்லை.
வெண்ணாற்றுக் கரையோடு
டார்ச்சும் சண்டையுமாகப் போனார்கள்.

மறுநாள் அதே கொட்டகை.
செங்கமலத்தின் முப்பத்தெட்டு மூட்டை.
ஈரப்பதம் பதினேழுக்குள்தான்,
எழுத்தரே ஒத்துக்கொண்டார்.
சிட்டா மட்டும் புருஷன் பேரில்.
திருப்பூர் பஸ் ஏறிப் போனவன்,
ஆறு குறுவை ஆயிற்று.
“அவர வரச்சொல்லும்மா.”
மேசையிலிருந்த பேனாவை
அவளே எடுத்தாள்.
விவசாயி பெயர் என்ற இடத்தில்
செ-வில் தொடங்கி,
ஒரு புள்ளியை மறந்து,
கட்டத்துக்கு வெளியே போகும் வரைக்கும்
எழுதினாள்.
எழுத்தர் தாளைத் திருப்பி நீட்டினார்.
வாங்கவில்லை.
தன் முதல் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்தாள்.
பதினொரு மணிக்கெல்லாம்
பின்னால் நின்ற வரிசையும் உட்கார்ந்துவிட்டது.

படத்தின் முடிவு எனக்குத் தெரியும்,
முன்பே வீட்டில் பார்த்தவள்தானே.
யாரும் கேட்கவில்லை.
மூன்று வாரம் கழித்துத் தாளடி நடவில்
நாற்று முடியைப் பிரித்தபடி
அபயாம்பாள் மட்டும் நிமிர்ந்தாள்:
“ஏண்டி, அந்தக் குதிரை என்னாச்சு?”