கொருக்குப்பேட்டை கேட்

கேட் போட்டிருக்கிறார்கள்.
மணலிப் பக்கத்து டேங்கர்கள்
ஐம்பத்திரண்டு வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன்.
போனில் பதினொரு சதவீதம்.
விண்ணப்பத்தில் பாக்கி ஒரே ஒரு கட்டம்:
சிறப்புப் பிரிவு. ஒன்றை மட்டும் தேர்க.

தொட்டால் பட்டியல் கீழே அவிழ்கிறது.
பிரபஞ்சவியல். துகள் இயற்பியல். இழைக் கோட்பாடு.
குவாண்டம் தகவல்.
கடைசியில், முதல் பந்தியில் இடம் கிடைக்காதவன் மாதிரி
புள்ளியியல் இயற்பியல்.

பிரிசில்லா நேற்றே அனுப்பிவிட்டாள். இழைக் கோட்பாடு.
பத்துப் பரிமாணம், அதில் ஆறு சுருண்டு கிடக்குமாம்.
"எங்க வூட்ல நாலு பேர் சுருண்டு கெடக்குறோம்,
அத்த யாரும் கோட்பாடுன்னு சொல்லலயே" என்றேன்.
சிரித்தாள்.
ராத்திரி முழுக்க எனக்கு அந்த ஆறின் மேல்தான் ஆசை.

பொய் சொல்ல மாட்டேன். எனக்கும் முதலில் கருந்துளைதான்.
எண்ணூர் நெடுஞ்சாலைப் புழுதிக்கு மேலே
எண்ணினால் ஏழு நட்சத்திரம்;
அதில் இரண்டு துறைமுகத்துக் கிரேன் விளக்கு.
இருந்தும் ஆசை ஆசைதான்.

எங்கள் டேபிள் ஃபேனுக்குக் கழுத்து திரும்பாது.
திருகு உடைந்து மூன்று வருஷம்.
அண்ணிக்கு ஏழாம் மாசம், காற்று வேண்டும்.
அம்மாவுக்கு முட்டியில் காற்று பட்டால் ஆகாது,
ஆனால் அண்ணிக்குப் பக்கத்தில்தான் படுப்பாள்.
அண்ணன் இரண்டு நாள் டிரெய்லர் வரிசையில் நின்றுவிட்டு
விடிகாலையில் வந்து விழுவான், ஃபேனுக்கு நேர் எதிரே.
யார் மேலும் தப்பில்லை.
கணக்கு கஷ்டமாவதே அதனால்தான்.

முக்கோணத்தின் முனைக்கு ஒரு காந்த ஊசி.
பக்கத்து ஊசிக்கு எதிராகத் திரும்பி நிற்பது விதி.
ஒன்று மேலே. ஒன்று கீழே. மூன்றாவது?
எப்படி நின்றாலும் யாரோ ஒருவரோடு தகராறு.
பாடத்தில் அதற்குப் பெயரே ஃபிரஸ்ட்ரேஷன்.
முதல் தடவை படித்தபோது
யாரோ விளையாட்டுக்கு அச்சடித்தது என்று நினைத்தேன்.
கோடி ஊசிகள் அப்படி உறைந்துபோனால்
சரியான நிலை என்று ஒன்று இல்லை,
தாங்கிக்கொள்ளும்படியான நிலைகள் ஏராளம்.
அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடி
ஃபேனைப் பார்த்தேன், வெகு நேரம்.

அண்ணன் கேட்டான்: "இத்தப் படிச்சா இன்னா ஆவ?"
தெரியவில்லை என்றேன்.
"எங்க கியூ ஏன் நவுரலன்னு சொல்லுவியா?"
"ஏன்னு சொல்லுவேன். நவுத்த மாட்டேன்."
"அதுக்கு ஹார்பர்ல ஏற்கெனவே ஆள் வச்சிருக்கான்"
என்று திரும்பிப் படுத்தான். ஃபேன் பக்கமாகத்தான்.

ஏன் இந்தப் பிரிவு? ஐந்நூறு எழுத்துக்குள்.
ஒழுங்கற்ற அமைப்புகளில் ஆழ்ந்த ஆர்வம் உண்டு
என்று ஒழுங்காக எழுதியிருக்கிறேன்.
பிரிசில்லாவின் பிரிவுக்கு ஆயிரம் பேர் போட்டி,
இதற்கு அத்தனை இல்லை என்பதை எழுதவில்லை.
அதுவும் ஒரு காரணம்.

கேட் தூக்கிவிட்டார்கள்.
இந்தப் பக்கம் சாலை முழுக்க வண்டி,
அந்தப் பக்கமும் சாலை முழுக்க.
நடுத் தண்டவாளத்தில் முட்டிக்கொண்டு
எல்லோரும் ஹாரன் அடிக்கிறார்கள்.
நான்கு சதவீதம். அழுத்திவிட்டேன்.
திரையில் சின்ன வட்டம் சுற்றுகிறது.

"யம்மா, அர அடி பின்னால போம்மா."
தண்ணி கேன் கட்டிய டிவிஎஸ் ஃபிப்டிக்காரர்.
அரை அடி போனேன்.
அவர் நுழைந்துவிட்டார்.
அந்த இடத்தில் இப்போது ஒரு மீன்பாடி வண்டி.
வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.