முதுகால் கிறுகல்

எங்கள் ஊருக்குக் கல்லாறு என்று பேர்.
தோண்டினால் மணல். இன்னும் தோண்டினால் நண்டு.
கல்லுக்கு வழியில்லை.

கத்தி தீட்டுகிற கல்
கல்லோயாவில் அணை கட்டப் போன அப்பா
அரிசிச் சாக்கின் அடியில் வைத்துக் கொண்டுவந்தது.
கல்லோயா என்றாலும் கல்லாறு என்றாலும்
ஒரே பேர்தானே என்று
சவரத்துக்கு வந்த எல்லோரிடமும் சொல்லி
தானே சிரிப்பார்.

ஒரு சாண் நீளம். வேப்பங்காய்ப் பச்சை.
ஒரு தலைப்பில் மட்டும்
பால்நிறத்தில் ஒரு நரம்பு.
அங்கே நகத்தை ஓட்டினால்
கல் இருப்பதே தெரியாது.

அப்பா செத்த வருஷம் பாகம் பிரித்தோம்.
கதிரை அண்ணனுக்கு, கண்ணாடி எனக்கு.
தோல்வார் அவனுக்கு.
பவுடர் டப்பாவும் கடன் கொப்பியும் எனக்கு.
கல்லுக்கு வந்தபோது
மேசன் குணரெத்தினத்தின் டைல்ஸ் வெட்டுகிற மெசின்தான்
பேசியது.
எந்தப் பாதி எவனுக்கென்று
அம்மா தீர்த்தாள், கல்லைப் பாராமலே.

அரைச்சாண் கல்லில் முழுக்கத்தி கொள்ளாது.
பிடியடியில் தொடங்கி நுனியில் முடியக்
கோணலாகத் தள்ளவேண்டும்,
முதுகும் வாயும் ஒன்றாய்ப் படிந்திருக்க.
கரைக்கு வந்ததும் முதுகால் கிறுகவேண்டும்.
வாயால் கிறுகினால்
அதுவரை தீட்டியதெல்லாம் மடிந்துபோகும்.
எனக்கு இது தெரியும்.
கத்தி விஷயத்தில் தெரியும்.

ஒன்பது வருஷம்.
அவன் கடை கோட்டைக்கல்லாறு, என் கடை பெரியகல்லாறு,
நடுவில் ஒரு பாலம்.
அவன் பேர் இளையதம்பி.
எனக்கு மூத்தவன்; அம்மப்பாவின் பேரை வைத்ததால்
வந்த குழப்பம்.
"இளையதம்பி வந்தவனா?" என்று
அம்மா வாசலைப் பார்த்துக் கேட்கும்போதெல்லாம்
"இஞ்ச நிக்கிறன்" என்பேன் நான்.

மார்கழி மழையில் அம்மா போனாள்.
தாய்க்கு இளையவன் கொள்ளி.
தலை மழிக்க,
மற்றவன் கட்டாரில்.

வெள்ளம் வடியாத முற்றத்தில் பலகைக்கட்டை போட்டார்கள்.
அண்ணன் எனக்குப் பின்னால் வந்து நின்றான்.
முதல் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது:
இலுப்பெண்ணெய்.

நான் தேங்காயெண்ணெய்க்காரன்.
மார்கழி விடியலில் உறைகிறதென்று
மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு விடுவேன்.
இலுப்பெண்ணெய் தடித்தது.
கத்தி அதில் மிதக்கும்,
கல்லைத் தொட நேரம் கேட்கும்.
அண்ணன் கொடுத்திருக்கிறான்.
உச்சிவரை ஒரு குறை சொல்ல ஏலாது.
காதோரம் இறங்கும்போதுதான்
ஒவ்வொரு மயிரிடமும் கேட்டுக்கேட்டு வெட்டியது.

"இடப்பக்கம் இழுக்குது" என்றேன்.

கத்தி நின்றது.
பின்கழுத்தில் அவன் மூச்சு.
"நரம்பு உன்ட பாதியிலதானே கிடக்கு."

பிறகு பறைச்சத்தம்.
பிறகு நாங்கள் பேசவில்லை.

முப்பத்தொன்று முடிந்த மறுநாள்
அவன் பேரன் லக்ஷிதன் சைக்கிளில் வந்தான்.
கரியரில், வேட்டித் துண்டில் சுற்றிய கத்தி.
"அப்பப்பா ஒண்டும் சொல்லல்ல" என்று
சொல்லிவிட்டு நின்றான்.

நரம்பில் வைத்தேன்.
கத்தியின் பாரம் மட்டும், கையின் பாரமில்லை.
போய்க் கிறுகி, வந்து கிறுகி.
எண்ணெய் கறுத்தது.
துடைத்து, வேறு விட்டேன். பிறகும் கறுத்தது.
அவனுடைய ஒன்பது வருஷ இலுப்பை
என் தேங்காயெண்ணெய்க்குள் இறங்கி
சாம்பிராணிக்கும் மீனுக்கும் நடுவே
ஒரு மணம் மணத்தது.

வாசல் வெளிச்சத்துக்குப் பிடித்தேன்.
வாய் கண்ணுக்குத் தெரிந்தால்
இன்னும் மழுங்கல் என்று அர்த்தம்.
தெரியவில்லை.

வாரில் இழுக்கவில்லை.
தோல்வார் அவனிடம்; மிச்சத்தை அவன் பார்க்கட்டும்.

"கூலி நூறு எண்டு சொல்லு."

பாலத்தைத் தாண்டிப் போன பொடியன்
அஸர் பாங்கு அடங்குமுன் திரும்பி வந்தான்,
ஐம்பது ரூபாய்த் தாளோடு:

"பாதிக் கல்லுக்குப்
பாதிக் கூலிதானாம்."