ஆறரை

மலையேற்றம் மழையால் ரத்து.
விடுதிப் பையனுக்குப் பணத்தைத் திருப்பித்தர மனமில்லை,
சமையல் வகுப்பில் சேர்த்துவிட்டான்.
ஒன்பது நாளைக்கு அடுப்பின் முகத்தில் விழிப்பதில்லை என்று
சியாங் மாய்க்குப் பறந்து வந்தவள்
மேலும் முந்நூறு பாத் கட்டி
ஓர் ஏப்ரனுக்குள் நிற்கிறேன்.
அதன் மார்பில் ஓர் இறால் சிரிக்கிறது.

சொல்லித்தருபவளுக்கு இருபத்தாறு இருக்கலாம்.
ஒற்றைக் காதில் மட்டும் தோடு. பெயர் வான்.
எங்கள் மொழியில் ஆகாயம் என்றேன்.
இங்கே இனிப்பு என்றாள்.
ஆகாயமே பரவாயில்லை,
பல் சொத்தையாகாது.

சந்தையில் கூடையோடு அவள் பின்னால் போனோம்.
பட்டாணிக் கத்தரி என்று
ஒரு கொத்தைத் தூக்கிக் காட்டினாள்.
சுண்டைக்காய்!
விமான நிலையத்தில் அடுத்த வீட்டுக்காரியைப் பார்த்தவள்போல்
முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பச்சைக் குழம்புக்கு இடிக்க வேண்டும்.
அரத்தை, எலுமிச்சைப்புல், இறால் விழுது.
எஸ்பென், டென்மார்க்கில் காற்றாலை பழுதுபார்ப்பவன்,
உரலையே பழுதுபார்ப்பதுபோல் அடித்ததில்
அவன் மனைவியின் கண்ணில் தெறித்தது.
அந்தக் காலத்தில், என்றாள் வான்,
பெண் பார்க்க வருகிறவர்கள்
வெளியே நின்று உரல் சத்தம் கேட்பார்களாம்.
சீராக விழுந்தால் சம்மதம்.
அப்போ நீ?
வீட்டில் நான் மிக்ஸிதான். அதனால்தான் இன்னும் ஆகவில்லை.

என் உலக்கை மட்டும் பிசிறில்லாமல் விழுந்தது.
எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.
பெருமைப்படலாமா என்று தெரியவில்லை.
இருபத்திரண்டு வருடச் சத்தம் அது.
வெளியே நின்று யாரும் கேட்டதில்லை.

அடுத்தது பச்சைப் பப்பாளி.
ஆளுக்கொரு மர உரல்.
வான் கிண்ணத்தோடு வரிசையாக வந்தாள்.
அதில் பொடிசாய், ஊசியாய் மிளகாய்கள்;
எலிப்புழுக்கை என்று பெயராம், சத்தியமாக.
உங்களுக்கு எத்தனை?

அவருக்கு நாலு.
சின்னவனுக்கு ஒன்று, விதை எடுத்துவிட்டு.
மாமனாருக்கு அல்சர், மிளகாய் வாசமே ஆகாது.
நாத்தனார் வந்தால் அவருடையதில் இருந்து ஒன்று குறைக்க வேண்டும்.
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

உங்களுக்கு, என்றாள் மறுபடி,
ஆங்கிலம் புரியவில்லையோ என்று மெதுவாக,
என் தோளைத் தொட்டு.

தெரியாது.

அவள் ஆச்சரியப்படவில்லை.
ஒன்று போடுங்கள், இடியுங்கள், ருசி பாருங்கள்.
போட்டேன். இடித்தேன்.
இரண்டு.
எஸ்பென் இரண்டிலேயே தண்ணீர் கேட்டான்.
மூன்று. நாலு.
அவர் நிற்கும் இடம் இது,
இத்தனை வருடம் நானும் அங்கேயே நின்றிருக்கிறேன்.
ஐந்தில் மூக்கு ஒழுகியது.
ஆறில் காது அடைத்து, மழைச்சத்தம் நின்று,
நாக்கு எங்கே இருக்கிறது என்று
முதல்முறையாகத் துல்லியமாகத் தெரிந்தது.
ஏழாவதை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு
கொஞ்சம் யோசித்தேன்.

ஆறரை, என்றேன்.

வான் எதுவும் கேட்கவில்லை.
ஒன்றைப் பலகையில் வைத்துப்
பாதியாக நறுக்கித் தந்தாள்.

சாப்பிட உட்கார்ந்தோம்.
தட்டை எடுத்துக்கொண்டு கழுவ எழுந்தவளை
இன்னும் நீங்கள் தொடவே இல்லையே என்று
உட்கார வைத்தார்கள்.
ஒட்டுஅரிசியை உருண்டை பிடித்து
பப்பாளியில் தொட்டு, கண்ணில் நீர் வழிய,
சூடு ஆறுவதற்குள்.

மேசைமேல் போன் அதிர்ந்தது. அவர்தான்.
குக்கருக்கு எத்தனை விசில்?

கையெல்லாம் காரம்.
திரையைத் தொடவில்லை.