தராசுச் சீட்டு

ஊத்தான் மெலிந்தாங் ஆலை வாசலில்
பதினோரு வருடமாய் எனக்கு எடை போடும் வேலை.
செம்பனைக் குலையோடு லோரி ஏறும்.
திரையில் எண் ஓடும், நிற்கும்.
சீட்டு மூன்று நிறத்தில் கிழியும்:
வெள்ளை ஆலைக்கு, இளஞ்சிவப்பு தோட்டத்துக்கு,
மஞ்சள் ஓட்டுநருக்கு.
எண்ணோடு சண்டைக்கு வந்தவரை
இதுவரை நான் ஜெயிக்க விட்டதில்லை.

இன்று பள்ளி வேன் ருத்ரேஷைத்
தாமான் முனையில் இறக்காமல்
இங்கேயே விட்டுப் போனது.
புத்தகப்பையைக் கழற்றாமலே சொன்னான்:
"ஆசிரியர் தினப் பாட்டுல
என்னைய வாய மட்டும் அசைக்கச் சொல்லிட்டாங்க.
சத்தம் வரக் கூடாதாம்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டுமோ.
சொன்னது இது:
"அப்ப அசைச்சுட்டு வா. நாலு பேர் பார்க்கிற இடம்."

சொல்லிவிட்டு அடுத்த லோரியை ஏற்றினேன்.
பதினெட்டு டன் சொச்சம்.
சீட்டை வாங்கிய பாக் சமாட்
பையனைப் பார்த்துக் கண்ணடித்தார்.
அவன் சிரிக்கவில்லை.

யார் அந்த நாலு பேர்?
சும்மா எண்ணிப் பார்த்தேன்.
கடைத்தெருவில் மீ கோரெங் விற்கும் அஞ்சலை ஒன்று.
நாத்தனார் இரண்டு.
பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில்
மகளின் மார்க்கை மட்டும் படமெடுத்துப் போடும்
சுமித்ராவின் அம்மா மூன்று.
நாலாவது ஆளைக் காணோம்.
வெகுநேரம் தேடினேன்.
கூண்டுக் கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்தது.
ஆலைச் சட்டை போட்டிருந்தது.

அவன் எப்போது வெளியே போனானோ.
தராசுத் தகட்டின் நடுவில்,
லோரிக்குப் போட்ட மஞ்சள் கோட்டுக்குள் சரியாக,
பையில்லாமல், சப்பாத்தில்லாமல் நின்றான்.
"போடுங்கம்மா!"

திரையில் 20.

"இருபது" என்றேன்.
"தப்பு. நான் இருபத்தி நாலு.
போன வாரம் கிளினிக்குல மிஸ்ஸி பார்த்தாங்க."
"இது கம்ப்யூட்டர்டா. பொய் சொல்லாது."
"பொய் இல்லம்மா. அதுக்குத் தெரியல."

அது சரிதான்.
இருபது இருபதாய்த் தாவும் எந்திரம் இது.
நடுவில் உள்ளதைப் பார்க்காது.
லோரிக்கென்று செய்தது.
எனக்குப் பதினோரு வருடமாய்த் தெரியும்,
தெரிந்தும்தான் சொன்னேன்.

பின்னால் ஹாரன் அடித்தார்கள்.
அவன் நகரவில்லை.
பாட ஆரம்பித்தான்.
அதே பாட்டு, முதல் வரியிலிருந்து,
சுதி எங்கோ, அவன் எங்கோ.
கேட்க நன்றாயிருந்தது என்றால் பொய்.
ஆனால் கழுத்து நரம்பு புடைத்தது,
வயிறு ஏறி இறங்கியது,
கொதிகலன் இரைச்சலையும் தாண்டி
கூண்டுக் கண்ணாடி வரை வந்தது சத்தம்.
கடைசி வரியில் குதித்தான்.
எண் ஒரு கணம் நாற்பதைத் தொட்டுத் திரும்பியது.

சீட்டு அடித்தேன்.
லோரி எண்: கோடு. சரக்கு: கோடு.
20ஐப் பேனாவால் அடித்து
24 என்று எழுதினேன்.
திருத்தினால் கையெழுத்து வேண்டும், ஆலை விதி.
போட்டேன்.
மேனேஜர் பார்த்தால் கேட்பார்.
கேட்கட்டும்.

மஞ்சள் சீட்டை நாலாய் மடித்துக்
கால்சட்டைப் பையில் வைத்தான்.
"நாளைக்கும் ஒத்திகை இருக்கும்மா."
"ம்."
"சத்தமாப் பாடினா டீச்சர் திட்டுவாங்க."
"திட்டுவாங்க."

கொஞ்சம் யோசித்தான்.
"வெள்ளச் சீட்டையும் குடுங்க.
அவங்களுக்கு."